நீருக்குள் நிற்பவர்கள்

என் நண்பனின் மனைவி குருநகர்ச் சந்தையில் மீன் விற்பவள். அன்று காலை என்னைக் கண்டதும் கத்தியைச் சாக்கில் துடைத்து வைத்துவிட்டு எழுந்து வந்தாள்.

“அண்ணை, இண்டைக்கு அவரோடை கடலுக்குப் போங்கோ. கண் தெரியுதோ எண்டு பாத்துச் சொல்லுங்கோ.”

“நீங்களே கேக்கலாமே தங்கச்சி.”

“கேட்டனான். ‘உன்ரை மூஞ்சை தெரியுது, அது காணாதோ’ எண்டு பகிடி விடுறார். சீனி வருத்தம் கண்ணிலை இறங்கிட்டுது எண்டு டொக்டர் போன மாரியிலையே சொன்னவர். அதுக்குப் பிறகு கிளினிக் பக்கம் போகேல்லை. தனியப் போறார், தனிய வாறார். எப்பிடி வாறார் எண்டு மாதாவுக்குத்தான் வெளிச்சம்.” ஈரக் கையைச் சேலையில் துடைத்தாள். “தெரியுதெண்டு நீங்கள் சொன்னா நான் வாய் திறக்கமாட்டன். இல்லையெண்டு சொன்னா இனிக் கடலுக்கு விடமாட்டன்.”

அவனைக் கடலுக்கு விடாமல் வைத்திருப்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. ஓம் என்றுவிட்டு வந்தேன்.

எனக்கு ஓரிடத்தில் இருக்க வராது. சண்டிலிப்பாயில் வீடு, வீட்டைச் சுற்றிப் புகையிலை, புகையிலைக்கு நடுவே கவிதை எழுதிக்கொண்டு நான், வேரில்லாத ஒரே பயிர். ஐம்பதை நெருங்கியும் மத்தியானச் சோறு வயிற்றில் இறங்குமுன் மோட்டார் சைக்கிளை எடுத்துவிடுவேன். எங்கே போவது என்று தெரியாமல் புறப்படும் நாட்களில் அது தானாகக் குருநகரில் போய் நிற்கும். யாழ்ப்பாணமே சண்டைக்குப் பயந்து வெளியேறிய பெரிய இடப்பெயர்வின்போது அவன் குடும்பமும் என் குடும்பமும் ஒரு பள்ளிக்கூடத்தின் ஒரே வகுப்பறையில், வாங்குகளை அடுக்கி நடுவே மறைப்புக் கட்டிக்கொண்டு இருந்தோம். மறைப்புக்கு அந்தப் பக்கம் செபமாலை, இந்தப் பக்கம் தேவாரம். நாங்கள் இரண்டு பேரும் வெளியே விறாந்தையில், கொசுவோடு. அப்போது பிடித்த சிநேகிதம்.

பின்னேரம் வள்ளத்தைத் தள்ளினோம். மழை விட்டிருந்தது, வானம் விடவில்லை. குளங்களும் வாய்க்கால்களும் தரவை வெளிகளும் தங்கள் கலங்கலையெல்லாம் கடலில் கொட்டிவிட்டுக் களைத்துக் கிடக்கும் மாரி நாள். தண்ணீர் தேத்தண்ணி நிறம். அந்தக் கலங்கலைத் தேடித்தான் கொடுவா வரும்.

“கவிஞர் இண்டைக்கு என்ன, தானாக் கேட்டு ஏறுறார்? வெள்ளிக்கிழமையெல்லே?” என்றான் எஞ்சின் பக்கத்திலிருந்து.

“பிடிக்கிறதுக்கு வெள்ளி பாக்கத் தேவையில்லை.”

“உங்கடை ஆக்கள் அப்பிடித்தான். வெள்ளிக்கிழமை மீனைப் பாத்து மூக்கைப் பொத்துவினம். சனிக்கிழமை முள்ளையும் விடமாட்டினம்.”

சிரித்தோம். நான் சிரித்துக்கொண்டே அவன் கண்களைப் பார்த்தேன். அவை என் முகத்தைத்தான் பார்த்தன. அல்லது என் குரல் வந்த இடத்தை.

மண்டைதீவுப் பக்கமாக ஒரு வள்ளம் போனது. “அது ஆரின்ரை?” என்று கேட்டேன். எட்டிக்கூடப் பாராமல் சொன்னான், அது யாருடையது, எந்த வருடத்து எஞ்சின், அந்த எஞ்சினுக்கு என்ன வருத்தம் என்பது வரைக்கும். பிறகு விரலைத் தண்ணீரில் விட்டு, இன்னும் கொஞ்சத்தில் தண்ணீர் வற்றுவது நின்று ஏறத் தொடங்கும் என்றான். துடிக்கிற இறாலை எடுத்து, முதுகு நோகாமல் தூண்டிலில் குத்தினான். எனக்குப் பயம் தெளிந்தது. தெரியுது தங்கச்சி, உங்களைவிட என்னைவிட நல்லாத் தெரியுது. அந்த வாக்கியத்தை அப்போதே மனத்துக்குள் எழுதி வைத்துவிட்டேன்.

எங்கள் பரவைக்கடல் ஆழமில்லாதது. கரையிலிருந்து வெகுதூரத்திலும் இடுப்பளவு தண்ணீரில் நின்று மனிதர்கள் வலை போடுவார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் கடல் அவர்களை அரைவாசி தின்றுவிட்டு மிச்சத்தைப் பிறகு தின்ன வைத்திருப்பதுபோல இருக்கும். வலைகள் கட்டிய தடிகளும் அப்படியே நிற்கும்.

அவன் எஞ்சினைத் தணித்து, வலப்பக்கம் கையை உயர்த்தினான்.

“எப்பிடி அண்ணை, இண்டைக்கு மீன்பாடு பரவாயில்லையோ?”

நான் திரும்பிப் பார்த்தேன். ஒரு தடி. தடியில் ஒரு நீர்க்காகம் இரண்டு சிறகையும் விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தது.

“மறுமொழி இல்லை. கோவம் போல,” என்றான் என்னிடம். பிறகு இன்னும் பலமாக, “அண்ணை, என்னண்ணை, காது கேக்கேல்லையோ?”

நீர்க்காகம் எழும்பிப் பறந்தது. சிறகு அடித்த சத்தம் எங்கள் தலைக்கு மேலால் போனது. அவன் உயர்த்திய கை உயர்ந்தபடியே கொஞ்சநேரம் நின்றது. அதைக் கீழே கொண்டுவர அவனுக்கு ஒரு காரணம் தேவைப்பட்டது. தலையைச் சொறிந்தான்.

நங்கூரம் போட்டான். தூண்டில் இறக்கினான். தங்கூசி நூல் அவன் சுட்டுவிரலில் தொங்கியது. கடலும் வானமும் ஒரே ஈயமாக இருந்தன. இரண்டுக்கும் நடுவே எங்களை யாரோ மறந்துவிட்டுப் போனதுபோல இருந்தது.

அவன் விரல் துள்ளியது. பிறகு நடந்ததைச் சொல்ல எனக்கு மொழி போதாது. நூலை விட்டான், இழுத்தான், விட்டான். மீன் மேலே பாய்ந்து தலையை உதறியது. உதறும் அந்தக் கணத்தில் நூல் தளர்ந்தால் தூண்டில் கழன்றுவிடும். தளரவில்லை. அது பாயப்போவது அதற்குத் தெரியுமுன் அவன் விரலுக்குத் தெரிந்திருந்தது. என் கை நீளத்துக்கு ஒரு கொடுவா, வெள்ளியும் சேறுமாக, வள்ளத்தின் ஓரத்துக்கு வந்தது. அவன் கைவலையை எடுத்துத் தண்ணீருக்குள் வைத்தான். மீன் இடப்பக்கம் கிடந்தது. வலை வலப்பக்கம் இருந்தது.

“இஞ்சாலை,” என்றேன்.

வலையைப் போட்டுவிட்டுக் கையால் பிடித்தான். செவுள் மூடி கத்திபோல வெட்டியது. மீன் உள்ளே விழுந்தது. இரத்தம் அதன்மேல் சொட்டியது. நான் உடுத்திருந்த சாரத்தின் கரையைக் கிழித்து அவன் கையில் கட்டும்போது கேட்டான்:

“அவளே அனுப்பினவள்?”

“ஓம்.”

“என்ன சொல்லப் போறாய்?”

“நீ சொல்லு, என்ன சொல்ல?”

“ஒரு கண்ணிலை ஒண்டுமில்லை மச்சான். மற்றதிலை புகை. புகைக்குள்ளாலை எல்லாம் அசையும். ஆனா எனக்கு இந்தத் தண்ணி பாடம். கண்ணை மூடிக்கொண்டு போவன்.”

“மூடிக்கொண்டுதானே போறாய்.”

“உன்ரை கவிதைக்கும் கண் தெரியாது, அது ஓடேல்லையோ?” என்று சிரித்தான். நான் சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு அவன் முகம் மாறியது. நங்கூரத்தை இழுத்தெடுத்து எஞ்சினை முழுவேகத்தில் முறுக்கினான். எனக்குக் காட்டத்தான். கண் இல்லாமலும் இந்தக் கடல் தன்னுடையதுதான் என்று காட்டத்தான்.

கருக்கல் இறங்கிக்கொண்டிருந்தது. நான் வள்ளத்தின் முன்னணியத்தில் விறைத்துப்போய் இருந்தேன். முன்னால் தண்ணீருக்குள் கறுப்பாக ஒன்று நின்றது.

“டேய், ஆள்!”

“தடிதான் அது. சும்மா இரு.”

“ஆள்! ஆளடா! வெட்டு, இடக்கைப் பக்கம் வெட்டு!”

வெட்டித் திருப்பினான். வள்ளம் சரிந்து தண்ணீரை அள்ளியது. கழுத்தளவுக்குக் குந்தி எழும்பிய ஒரு மனிதர், வலையை மார்போடு அணைத்தபடி, எங்களை, எங்களைப் பெற்றவர்களை, வள்ளம் செய்தவனை எல்லாம் ஏசினார். வயதானவர். ஏசி முடியுமுன் இருமல் வந்துவிட்டது.

நண்பன் எஞ்சினை நிற்பாட்டினான். “அண்ணை, குறை நினையாதையுங்கோ,” என்று இருட்டுக்குச் சொன்னான். அவர் நின்றது மறுபக்கம்.

எழுந்து, தடவித் தடவி முன்னுக்கு வந்தான். “நீ போய்ப் பிடி,” என்றான் என்னிடம். எஞ்சின் பிடித்து எனக்கு அவ்வளவு பழக்கமில்லை. கோணலும் மாணலுமாகக் கரைக்கு வந்தோம். வழக்கமாக அதற்கு அவன் ஒரு மாதத்துக்குப் பகிடி பண்ணுவான். அன்று எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வெட்டுப்பட்ட கையை மற்றக் கையால் பொத்திக்கொண்டிருந்தான்.

கரையில் அவள் நின்றாள். பின்னணியத்தில் எஞ்சினோடு நானும் முன்னணியத்தில் அவனும் இருந்ததைக் கண்டபோதே அவளுக்குப் பாதி விளங்கியிருக்கும். என்றாலும் என் வாயைத்தான் பார்த்தாள்.

பின்னேரமே மனத்துக்குள் எழுதி வைத்திருந்த வாக்கியம் நாக்கின் நுனியில் இருந்தது. அதைச் சொல்லியிருந்தால் நாளைக்கு அவன் எஞ்சினை முறுக்குவான். அந்த வயதானவரும் நாளைக்கு அதே தண்ணீரில் நிற்பார்.

“இனித் தனிய விடாதையுங்கோ, தங்கச்சி. ஒரு ஆளைத் தடியெண்டு நினைச்சிட்டான்.”

“என்னைக் கேள், நான் சொல்லுவன்தானே. உவன் ஆர் சொல்ல?” என்றான் அவன், வள்ளத்துக்குள்ளிருந்து. பலமாகச் சொல்லவில்லை.

அவள் தண்ணீருக்குள் இறங்கி வந்து, மீனைத் தாண்டி, எஞ்சினின் எண்ணெய்க் கானைக் கழற்றித் தூக்கினாள். இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டுப் பக்கம் நடந்தாள். குழந்தையைத் தூக்கிப் போவதுபோல. அவன் தடுக்கவில்லை. கான் உரசிய சத்தத்தில் அவள் எடுத்தது என்னவென்று அவனுக்குத் தெரிந்திருக்கும்.

கொடுவாவை நான் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன். செவுள் இன்னும் ஒருதரம் திறந்து மூடியது. ஒழுங்கை முனையில் நின்று திரும்பிப் பார்த்தேன். கரை விளக்கின் வெளிச்சத்தில் வள்ளம் தெரிந்தது. கடலால் வந்ததும் வள்ளம் கழுவுவது அவன் வழக்கம். ஒற்றைக் கையால் வாளியில் தண்ணீர் அள்ளி ஊற்றித் தேய்த்துக்கொண்டிருந்தான். ஒரு பக்கம் முழுக்க மீன் இரத்தமும் அவன் இரத்தமும் அப்படியே கிடந்தன. கழுவி முடித்த மற்றப் பக்கத்தையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தான்.