ஜுலைகா மாமியும் கோப்பியும்

நடந்ததை நடந்தபடியே எழுதப்போகிறேன். எதையும் கூட்ட மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். ஜுலைகா மாமியை அறிந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். சென்ற சனிக்கிழமை மாலை எங்கள் அடுக்குமாடிப் புளோக்கின் கீழ்த்தள அறையில் அவருக்காக நடந்த நினைவுக் கூட்டத்துக்கு வந்தவர்களும் இதைப் படிக்கக்கூடும். சிலருக்குக் கோபம் வரும். வரட்டும்.

செய்தி வந்தபோது நான் கோப்பிக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தேன். கோப்பி எங்கள் நாய். ஜூன் விடுமுறையின் இரண்டாவது வாரம். காலை வெயில் அதற்குள் நான்காம் மாடித் தாழ்வாரம் முழுவதும் படர்ந்திருந்தது. பக்கத்து வீட்டுக் கதவு திறந்து மாமியின் மகன் ஃபரீத் அண்ணன் வெளியே வந்தார். ஜூரோங்கில் வேலை பார்ப்பவர்; வார இறுதியில் மட்டும் வந்து தங்குவார். என் அம்மாவைப் பார்த்து, "அக்கா, உம்மா மௌத்தாயிட்டாங்க. தூக்கத்துலயே," என்றார். அம்மா உடனே மாமி வீட்டுக்குள் ஓடினார். கோப்பி மட்டும் வழக்கம்போல மாமி வீட்டுக் கம்பிக் கதவுக்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்து, உள்ளே பார்த்து வாலை ஆட்டிக்கொண்டிருந்தது.

அன்று பிற்பகலே அடக்கம் முடிந்தது. மாலைக்குள் எங்கள் புளோக்கின் கைப்பேசிக் குழு பூக்களால் நிறைந்துவிட்டது. ரோஜா, மெழுகுவர்த்தி, கூப்பிய கைகள். முதல் ரோஜாவை அனுப்பியவர் எட்டாம் மாடி கதிரேசன் அங்கிள். தீபாவளி விருந்திலிருந்து எல்லா நிகழ்ச்சிகளையும் எங்கள் புளோக்கில் நடத்துபவர் அவர்தான். 'அன்பே உருவான ஜுலைகா மாமி' என்று ரோஜாவுக்குக் கீழே எழுதியிருந்தார். நான் விரலால் தள்ளிக்கொண்டே பழைய செய்திகளுக்குப் போனேன். சில வாரங்களுக்கு முன்பு அவரே அதே குழுவில் எழுதியிருந்தார்: 'நாய் நாற்றத்தோடு அந்த அம்மா இன்னமும் லிஃப்டில் ஏறுகிறார். யாராவது எடுத்துச் சொல்லக்கூடாதா?' அந்த வரிக்கும் ரோஜாவுக்கும் நடுவே, மாம்பழப் பெட்டியை மலிவாக எங்கே வாங்கலாம் என்ற பேச்சுதான் இருந்தது. நான் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போய் முகம் கழுவினேன்.

மாமி தேக்கா சந்தையின் மேல்மாடியில் ரவிக்கை தைக்கும் கடை வைத்திருந்தது உங்கள் எல்லோருக்கும் தெரியும். உங்களில் பாதிப்பேரின் அளவு அவருக்கு மனப்பாடம். ஆனால் என்னிடம் அவர் முதலில் பேசியது துணியைப் பற்றி அல்ல. எனக்கு ஏழு வயதாக இருந்தபோது, அப்பா தாம் வேலை செய்த கப்பல் பட்டறை வாசலில் அநாதையாகத் திரிந்த குட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். மாமி கம்பிக் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏ புள்ள, அதோட பேரு என்னா?"

"கோப்பி, மாமி."

மாமி கம்பிகளில் முகத்தை ஒட்டி வைத்து நன்றாகப் பார்த்தார். "பாலில்லாத கோப்பி ஓ மாதிரி கறுப்பும் இல்ல, பால் ஊத்துன மாதிரியும் இல்ல. கடக்காரன் கலக்காம குடுத்துட்டான் லா."

நான் சிரித்தேன். அவர் உடனே முகத்தைக் கடுமையாக்கிக்கொண்டார். "இங்க பாரு, அழகாத்தான் இருக்கு. ஆனா நாக்கு, மூக்கு, நனைஞ்ச முடி, எதுவும் என் மேல படக்கூடாது. பட்டா ஏழு தடவ கழுவணும், அதுல ஒரு தடவ மண்ணு கலந்து. எனக்கு மூட்டு வலி. குனிஞ்சு நிமிர முடியாது."

"சரி மாமி."

"உங்கிட்ட சொல்லல. அதுகிட்ட சொல்லு."

சொன்னேன். கோப்பி கேட்கவில்லை. மாமியே அதைப் பழக்கினார். கதவுக்கு உள்ளேயிருந்து ரொட்டித் துண்டை ஒரு முழம் தள்ளி விழும்படி எறிவார். அது நெருங்கி வந்தால், "ம்ஹூம்," என்பார். தள்ளி உட்கார்ந்தால் அடுத்த துண்டு. ஒரு மாதத்தில் அந்த ஒரு முழம் கோப்பியின் இடமாகிவிட்டது. அங்கே உட்கார்ந்து அது கேட்ட பேச்சு கொஞ்சமல்ல. எந்த வாடிக்கையாளர் இடுப்பை உள்ளிழுத்துக்கொண்டு அளவு கொடுத்தார், எந்த மணப்பெண் திருமணத்துக்கு முதல் நாள் துணியைக் கொண்டுவந்தாள் என்பதெல்லாம் கோப்பிக்குத் தெரியும்.

இந்த ஊரில் கோடைக்காலம் என்று தனியாக ஒன்று இல்லை என்று பாடத்தில் படித்துவிட்டு வந்து அதை மாமியிடம் பெருமையாகச் சொன்னேன். "யாரு சொன்னா? பள்ளிக்கூடத்த மூடுனா கோட," என்றார். திங்கட்கிழமை அவருடைய கடைக்கு விடுமுறை. ஜூன் மாதத் திங்கட்கிழமைகளில் அவரும் நானும் கோப்பியும் செம்பவாங் கடற்கரைக்கு நடந்தே போவோம். ரோஜாப்பாகு கலந்த குளிர்ந்த பாலான பண்டோங் நிறைந்த குடுவை அவர் தோளில் தொங்கும். உள்ளே பனிக்கட்டிகள் நடைக்கு ஏற்ப மோதும் சத்தம் எனக்கு இன்னமும் பிடிக்கும். கையில் ஒரு பெரிய கறுப்புக் குடை. வெயிலுக்கு என்றுதான் நான் முதலில் நினைத்தேன். கோப்பி கடலில் விழுந்து புரண்டு, கரையேறி, நேராக மாமிக்கு முன்னால் வந்து உடம்பைச் சிலிர்க்கும். அந்த நொடியில் மாமி குடையைப் படாரென்று முன்பக்கமாக விரித்து அதன் பின்னால் ஒளிந்துகொள்வார். உப்புநீர் குடையில் மழைபோல் அடிக்கும். "தப்பிச்சேன்டா!" என்ற குரல் மட்டும் வெளியே வரும். கோப்பி மறுபடியும் கடலுக்கு ஓடும். விளையாட்டு என்று அதற்குத் தெரியும். மாமிக்கும் தெரியும்.

ஒருநாள் கேட்டேன். "மாமி, உங்களுக்குக் கோப்பி மேல அன்பு இருக்கா?"

"பின்ன? உன் மூஞ்சியப் பாக்கவா இந்த வெயில்ல வந்து நிக்கிறேன்?"

"தொடாம எப்படி மாமி அன்பு வரும்?"

அவர் எதிர்க்கரையில் தெரிந்த ஜொகூரைப் பார்த்துக்கொண்டே பண்டோங் குடித்தார். "என் மவன் ஜூரோங்ல இருக்கான். தெனமும் தொட்டுக்கிட்டா இருக்கேன்?"

இனி எழுதப்போவதைத்தான் சனிக்கிழமை என்னைச் சொல்லவிடாமல் தடுத்தார்கள். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, அதே போல ஒரு திங்கட்கிழமை. திரும்பி வரும் வழியில் மழை பிடித்துக்கொண்டது. புல்லிலிருந்து ஓர் உடும்பு ஓட, கோப்பி என் கையிலிருந்து வாரைப் பறித்துக்கொண்டு துரத்தி, சாலையோரத்துப் பெரிய லோங்காங்குக்குள் விழுந்துவிட்டது. மழைநீர் வடியும் அந்தக் கால்வாய் உங்களுக்குத் தெரியும், என் உயரத்தைவிட ஆழம். தண்ணீர் கண்ணெதிரே ஏறியது. கோப்பி சுவரைப் பிறாண்டிப் பிறாண்டி வழுக்கியது. நான் கத்தினேன். பேருந்து நிறுத்தத்தில் நின்றவர்கள் கைப்பேசியை நீட்டிப் படம் எடுத்தார்கள். ஒருவர் படம் எடுத்துக்கொண்டே, "பாத்து, பாத்து," என்று எங்களுக்கு அறிவுரை சொன்னார்.

மாமி குடையைப் புல்லில் எறிந்தார். சுவரில் பதித்திருந்த இரும்புப் படிகளில், அந்த முட்டிகளோடு, ஒவ்வொன்றாக இறங்கினார். தண்ணீர் அவர் இடுப்புவரை வந்தது. கோப்பியை இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டார். அது பயத்தில் அவர் கழுத்து, கன்னம், முக்காடு எல்லாவற்றையும் நக்கியது. "நக்குடா, நக்கு, இனிமே என்னா," என்று சொல்லிக்கொண்டே மேலே தூக்கினார். நான் வாரைப் பிடித்து இழுத்தேன். அவர் ஏறி வந்து புல்லில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். ஒருவரும் கை கொடுக்கவில்லை.

புளோக்குக்கு வந்து லிஃப்டில் நுழைந்தோம். உள்ளே கதிரேசன் அங்கிளும் ஆன்ட்டியும் இருந்தார்கள். ஆன்ட்டி துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டார். "ஐயோ, என்னா நாத்தம்! மாமி, நீங்க அடுத்த லிஃப்ட்ல வாங்களேன்."

அங்கிள் ஒரு படி மேலே போனார். "உங்க மார்க்கத்துலயே இதெல்லாம் ஆகாதுன்னு சொல்வாங்களே மாமி? நீங்களே இப்படிக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு..."

மாமி லிஃப்டை விட்டு இறங்கிக்கொண்டார். நான்கு மாடிகளையும் படி வழியே ஏறினோம். தம் வீட்டுக்குள் அவர் காலை வைக்கவில்லை. தாழ்வாரத்தின் கோடியில் நின்று, பாண்டான் செடித் தொட்டியிலிருந்து ஒரு பிடி மண் எடுத்துவரச் சொன்னார். நான் வாளியில் தண்ணீர் ஊற்ற ஊற்ற, கைகளையும் முகத்தையும் கழுத்தையும் முறைப்படி கழுவினார். நடுவில் நான் கேட்டேன், "உங்களுக்கு அருவருப்பா இருக்கா மாமி?"

"ஈரம் பட்டா கழுவச் சொல்லியிருக்கு. அருவருக்கச் சொல்லல. கழுவுனா தீந்துச்சு. நீ சும்மா ஊத்து, எண்ணிக்க மறந்துடப்போவுது."

அந்த ஆண்டு தீபாவளிக்கு முன்பு கதிரேசன் ஆன்ட்டியின் ரவிக்கைத் துணி மாமியின் தையல் இயந்திரத்தில் கிடந்தது. எனக்குத் தாங்கவில்லை. "எப்படி மாமி இவங்களுக்குத் தைக்கிறீங்க? எனக்குக் குமட்டுது." மாமி நூலைப் பல்லால் கடித்தார். "அளவு எடுக்கும்போது ரெண்டு தடவ ஊசியால குத்திட்டேன் லா. சரியாப் போச்சு." அவருக்குச் சரியாகப் போயிருக்கலாம். எனக்கு ஆகவில்லை. அந்தப் பெருந்தன்மை எனக்கு என்றாவது வரும் என்று இங்கே பொய்யாக எழுதவும் மாட்டேன்.

கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்பு கதிரேசன் அங்கிள் என்னைக் கூப்பிட்டார். "யாழினி, நீ நல்லாத் தமிழ் பேசுவே. இளையர் சார்பா நாலு வார்த்த பேசு. ஆனா நாயப் பத்தி மட்டும் வேணாம்மா. அவங்க மகன் சங்கடப்படுவாரு." ஃபரீத் அண்ணனைப் பற்றி என்பதால் நான் தயங்கினேன். நாய் இல்லாமல் மாமியை எப்படிச் சொல்வது என்று இரண்டு நாள் யோசித்தேன். ஒன்றும் தோன்றவில்லை. அந்த இரண்டு நாளும் எனக்கு ஒரே பயம். அந்த அறையில் எல்லோருமாகச் சேர்ந்து வேறொரு மாமியை உண்டாக்கி, அவரையே எல்லோரும் நினைவில் வைத்துக்கொள்வார்கள் என்ற பயம்.

அப்படித்தான் நடந்தது. கடைசி வரிசைக்குப் பின்னால் மேசையில் கறிபாப் பலகாரம் அடுக்கியிருந்தது. கதிரேசன் அங்கிள் ஒலிவாங்கியைப் பிடித்து, "அன்னார் எல்லா உயிர்களிடத்தும் எல்லையற்ற அன்பு செலுத்தினார். அவரை நாம் தாங்கு தாங்கென்று தாங்கினோம்," என்றார். ஆன்ட்டி, மாமி தைத்துக் கொடுத்த அதே ரவிக்கையைப் போட்டுக்கொண்டு கண்ணைத் துடைத்தார். 'சாந்தம்', 'பொறுமை', 'அதிர்ந்து பேசாதவர்' என்றார்கள். மாமியா? தேக்கா மேல்மாடி முழுக்கக் கேட்கும் அவர் குரல்!

என் முறை வந்தது. எழுதி வைத்திருந்த நல்ல வாக்கியங்களை விட்டுவிட்டேன். "மாமி ஒருநாள் எங்கள் நாய்க்காக லோங்காங்கில் இறங்கினார்," என்று தொடங்கினேன். அறையில் நாற்காலிகள் கிறீச்சிட்டன. படிகளைச் சொன்னேன். தண்ணீரைச் சொன்னேன். "பிறகு லிஃப்டில்," என்றபோது கதிரேசன் அங்கிள் எழுந்து வந்து, சிரித்துக்கொண்டே, ஒலிவாங்கியை என் கையிலிருந்து எடுத்தார்.

"நேரமாச்சும்மா. ரூமத் திருப்பிக் குடுக்கணும். எல்லாரும் சாப்பிடுங்க, கறிபாப் ஆறுது."

எல்லோரும் எழுந்து சாப்பிட்டார்கள். நன்றாகவே சாப்பிட்டார்கள். ஒருவர் என் தலையைத் தட்டி, "நல்லாப் பேசினே," என்று சொல்லிவிட்டு எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டார். தட்டுகள் காலியானதும் ஒவ்வொருவராகப் போனார்கள். நான் நின்ற இடத்திலேயே நின்றேன். அப்போது ஃபரீத் அண்ணன் எதிரில் வந்தார்.

"லோங்காங்லயா? உம்மாவா?"

"ஆமாண்ணே."

"வழுக்கி விழுந்துட்டேன்னுதான் எங்கிட்ட சொன்னாங்க. ஒரு வாரம் தைலம் தேச்சாங்க, நான்தான் வாங்கிக் குடுத்தேன். அந்த முட்டியோட எப்படி எறங்குனாங்க?"

"நீங்க சங்கடப்படுவீங்க, சொல்லக்கூடாதுன்னாங்கண்ணே."

"யாரு?" என்று கேட்டவர், பதிலுக்குக் காத்திருக்காமல் வாசல் பக்கம் ஒருமுறை பார்த்தார். "இவ்ளோ நேரமா யாரோ ஒரு பொம்பளையப் பத்திப் பேசுனாங்க. யாருன்னே எனக்குத் தெரியல. நீ சொன்னப்பதான் எங்க உம்மா உள்ள வந்தாங்க." ஒரு நாற்காலியை இழுத்து என் பக்கம் போட்டார். தாமும் ஒன்றில் உட்கார்ந்தார். "மொதல்லேருந்து சொல்லு. ஒண்ணும் விடாத."

மாமியிடமிருந்து நான் எனக்கென்று வைத்துக்கொண்டிருப்பது ஒன்றுதான். தொடாமல் இருப்பதும் விலகிப் போவதும் ஒன்றல்ல. இரண்டையும் இப்போது என்னால் பார்த்த உடனே பிரித்துச் சொல்ல முடியும். அன்று அந்த அறையை விட்டுப் போனவர்களின் முதுகுகளைப் பார்த்தபோதும் அது எனக்குத் தெளிவாகவே தெரிந்தது.

வாசலில் கதிரேசன் அங்கிள் சாவியை ஆட்டினார். "இன்னும் என்னா பேச்சு? பூட்டணும்ல?"

"நான் பூட்டிக்கிறேன் சார். நீங்க போங்க," என்றார் ஃபரீத் அண்ணன், திரும்பிப் பார்க்காமல்.

கோப்பி குட்டியாக வந்த நாளிலிருந்து நான் தொடங்கினேன். கதிரேசன் அங்கிள் சாவியை மேசையில் வைத்து, விளக்குகளை அணைத்துவிட்டுப் போனார்; நாங்கள் எழுந்திருக்கவில்லை.