அத்தை போட்ட கடற்கரைத் திட்டம்

எங்கள் வீட்டில் அதுவரை யாரும் ஒரு நாளைச் சும்மா கழிப்பதற்குத் திட்டம் போட்டதில்லை. எங்கள் ஊர் காவாந்தண்டலத்தில் சும்மா இருப்பதென்றால் அன்றைக்கு வேலை கிடைக்கவில்லை என்று அர்த்தம். அதனால் நைனாவின் தங்கை, அதாவது என் அத்தை, காலண்டர் தாளின் பின்பக்கத்தில் பத்து மணிக்குக் கோட்டை, பதினொன்றரைக்குக் கடல், ஒரு மணிக்கு மீன் சாப்பாடு என்று எழுதி நீட்டியபோது, நைனா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னாத்துக்கு இதெல்லாம்?"

"சும்மாதாண்ணா. ஒரு நாளு ரெஸ்ட் எடுக்கலாமேன்னு."

ரெஸ்ட் எடுக்க எதற்கு அவ்வளவு தூரம் போக வேண்டும்? எனக்கு அப்போது எட்டு வயது. எதைப் பார்த்தாலும் ஏன், எதற்கு என்று கேட்டு எல்லாரையும் பேஜார் பண்ணுவேன். கோட்டையில் ராஜா இருப்பாரா, இல்லையென்றால் பூட்டு யாரிடம் இருக்கும், கடல் ராத்திரியில் எங்கே போகும்? அத்தை எல்லாவற்றுக்கும் "ஆமா, ஆமா" என்றாள். அவள் மனசு அங்கே இல்லை.

இப்போது எனக்கு எல்லாம் தெரியும். அத்தை ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனிக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். கூட வேலை செய்கிறவரைத்தான் கட்டிக்கொள்வேன் என்று என் அம்மாவிடம் மட்டும் சொல்லியிருந்தாள். அவருடைய அம்மா ஆலம்பரைக் கோட்டைக்குக் கிட்டே, மீனவர் குப்பத்தில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார். பெண்ணையும் பெண் வீட்டாரையும் ஒரு தடவை பார்க்கட்டும், அப்புறம் பேச்சை எடுக்கலாம் என்று ஏற்பாடு. ஆனால் நாங்கள் காலனிக்காரர்கள் என்பதை மட்டும் தன் அம்மாவிடம் சொல்ல அந்த மகனுக்குத் துணிச்சல் வரவில்லை. நைனாவுக்கோ எதுவுமே தெரியாது. கோட்டையும் கடலும் ஒப்புக்குத்தான், அத்தைக்கு வேண்டியது அந்த ஒரு மணிச் சாப்பாடு.

அதற்கும் நைனா வேட்டு வைக்கப் பார்த்தார். "கடையில இன்னாத்துக்குத் துன்னணும்? புளிசோறு கட்டிக்கினு போலாம்." அம்மா மறுபேச்சுப் பேசாமல் விடியற்காலையில் எழுந்து கிளறினாள்.

தெரிந்தவருடைய குட்டியானை வண்டியில் பின்னால் பாய் விரித்து உட்கார்ந்து போனோம். மதுராந்தகம் தாண்டியதும் எனக்குத்தான் சுருக்கென்றது. "அம்மா, சோத்துத் தூக்கு வூட்லயே கீது!" என்று கத்தினேன். அம்மா என் தொடையைக் கிள்ளிவிட்டு, "ஐயையோ, மறந்துட்டேனே" என்று நைனாவைப் பார்த்துச் சொன்னாள். மறந்தவள் அவள், கிள்ளு எனக்கு. இது என்ன நியாயம்?

கோட்டையைப் பார்த்ததும் ஏமாந்துபோனேன். பாதிச் சுவரைக் காணோம், ராஜா இருக்கவேண்டிய இடத்தில் நாலு ஆடு மேய்ந்தது. சுவருக்கு அந்தண்டை தண்ணீர், அதைப் படகில் தாண்டினால் மணல், மணலுக்கு அப்பால்தான் கடல். நைனா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அலையில் நின்று சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. இன்னும் கொஞ்ச நேரம் என்று நாங்கள் கெஞ்சக் கெஞ்ச, அத்தை மணி ஆகிவிட்டது என்று எங்களை இழுத்துக்கொண்டு போனாள். ரெஸ்ட் எடுக்க வந்தவளுக்கு என்ன இவ்வளவு அவசரம்!

கடை என்பது வீட்டு முன்னால் இறக்கிய ஒரு கொட்டகை. நாங்கள் நாலு பேர்தான். கடைக்காரம்மா கிண்ணம் நிறையக் கொடுவா மீன் குழம்பை எங்கள் நடுவில் வைத்தார். மேலாக ஒரு பெரிய தலை கிடந்தது. அது எனக்குத்தான் என்று அப்போதே கண் வைத்துவிட்டேன்.

அந்தம்மா அத்தையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நைனாவிடம் ஊரைக் கேட்டார். நைனா சொன்னார்.

"அங்க எந்தப் பக்கம்?"

நைனா பிசைந்துகொண்டிருந்த கையை நிறுத்தினார். நிமிர்ந்து அந்தம்மாவின் முகத்தைப் பார்த்து, "காலனி" என்றார்.

அந்தம்மா உள்ளே போய்விட்டார். தண்ணீர்ச் சொம்பைத் தூக்கிய அத்தை குடிக்கவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை. அம்மா குனிந்த தலை நிமிரவில்லை. வறுவல் எடுத்து வரப் போயிருக்கிறார், ஏன் இவ்வளவு நேரம் என்று நான் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தம்மா வெளியே வந்தார். கையில் ஒரு தட்டு, அதில் வெறும் சோறு. நேராக வந்து அத்தைக்கும் எனக்கும் நடுவில் உட்கார்ந்தார். நாங்கள் கைவிட்டு எடுத்துத் தின்றுகொண்டிருந்த கிண்ணத்தில் தானும் கையை விட்டார். அந்தத் தலையை எடுத்துத் தன் சோற்றில் வைத்துப் பிசைந்து, வாய் நிறையச் சாப்பிட ஆரம்பித்தார்.

எனக்கு வயிறு எரிந்தது. வந்தவர்களுக்கு வைத்ததை எடுத்துத் தின்பார்களா? அத்தைக்கும் அதே ஆத்திரம் போலிருந்தது. சொம்பைக் கீழே வைத்துவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாள். பாவமாகிவிட்டது. அந்தம்மாவின் முதுகுக்குப் பின்னால் எக்கி, அவள் காதோடு சொன்னேன்:

"அழாத அத்த, அடுப்பாண்ட சட்டியில இன்னொரு தல கீது. நான் பாத்தேன்."