நந்தனாவின் மிச்சப் பாடம்

கணக்கு என்று கேட்டாலே காத தூரம் ஓடுகிறவள் அஜிதா. பன்னிரண்டாம் வகுப்பில் கணக்குப் பரீட்சையில் கோட்டைவிட்டதும், இனி அந்தச் சனியன் முகத்தில் விழிப்பதில்லை என்று புத்தகத்தைப் பரணில் எறிந்துவிட்டு, கருங்கல் சந்தையில் அப்பா வைகுண்டராஜன் விட்டுப்போன வாழைக்குலைக் கடையில் போய் உட்கார்ந்தவள். மட்டியும் செந்துளுவனும் ஏத்தனும் தொங்குகிற அந்தக் கடையில் அவள் வாய்க்கு எதிர்வாய் கிடையாது. அப்படிப்பட்டவள் மத்தியானம் கடையடைத்து வந்து, செத்துப்போன தங்கச்சியின் போனைத் திறந்துவைத்து நுண்கணிதம் படிக்கிறாள் என்றால் ஊர் சும்மா இருக்குமா? உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியாது.

தங்கச்சி நந்தனா வேறு ரகம். கணக்குதான் அவளுக்கு உயிர். ட்யூஷன் சென்டரில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டே ஆன்லைனில் ஒரு பல்கலைக்கழகத்தின் கணிதப் படிப்பில் சேர்ந்தாள். அதில் மணியடிக்கிற வழக்கமில்லை, வருகைப் பதிவுமில்லை. பாடமெல்லாம் வீடியோவாகக் கிடக்கும். அவரவர் வேகத்தில் படித்து, தயாரானபோது பரீட்சை எழுதிக்கொள்ளலாம்.

"பைய படிச்சாப் போதும்ட்டி, ஒன்ன யாரு விரட்டுதா?" என்று அஜிதா கேலி செய்வாள். நந்தனா அதைக் காதில் வாங்குகிறவள் இல்லை. பாதிப் பாடம் தாண்டியிருந்தபோது, கேரளாவுக்குப் பாறை ஏற்றிப்போகிற டாரஸ் லாரி ஒன்று அவள் ஸ்கூட்டியை இடித்துத் தள்ளியது. நெய்யூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது.

அடக்கத்தன்று அம்மா முத்துக்கனி அழவில்லை. அஜிதாவும் அழவில்லை. ஒருத்தி உடைந்தால் மற்றவள் தாங்கமாட்டாள் என்று இருவருமே பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்கள். நந்தனாவின் போன் கீறல்கூட விழாமல் வீடு வந்து சேர்ந்திருந்தது. அதை அணைத்துவைக்க யாருக்கும் கை வரவில்லை. தவறாமல் சார்ஜ் போட்டார்கள், ரீசார்ஜும் செய்தார்கள். ஏன் என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளவில்லை.

ஒரு மத்தியானம் அந்தப் போன் சிணுங்கியது. அடுக்களையில் பாத்திரம் விழுகிற சத்தம் கேட்டது. "ஆருட்டி அது?" என்றாள் முத்துக்கனி, வெளியே வராமலே.

பாடம் நடத்துகிற சார்தான். எப்போதோ நந்தனா ஒரு வீடியோவுக்குக் கீழே சந்தேகம் கேட்டிருக்கிறாள். அந்த மனுஷன் இப்போதுதான் பார்த்து, பொறுமையாக நீளமாக விளக்கி எழுதியிருந்தார். கடைசியில், "இப்போது புரிகிறதா, நந்தனா?" என்று ஒரு கேள்வி.

உள்ளதை எழுதிவிட வேண்டும் என்றுதான் அஜிதா போனை எடுத்தாள். விரல் அந்தச் சொல்லுக்குப் போக மறுத்தது. "புரிகிறது சார்" என்று எழுதி அனுப்பிவிட்டாள். அனுப்பிய பிறகு மனசு உறுத்தியது. புரிந்தது என்று தங்கச்சி பெயரில் பொய் சொல்லியாயிற்று, என்னதான் அது என்று பார்ப்போமே என்று வீடியோவைத் திறந்தாள். சாரின் குரல் வீட்டுக்குள் பரவியது. முத்துக்கனி ஈரக்கையோடு அடுக்களை வாசலில் வந்து நின்றாள். எத்தனையோ நாளாக இருண்டு கிடந்த அவள் முகத்தில் ஏதோ ஒன்று அசைந்தது.

அம்மாவுக்கு இந்தக் குரல்தான் மருந்து என்று அஜிதா அன்றைக்கே முடிவு கட்டினாள். அதற்குப் பிறகு மத்தியானந்தோறும் பாடம்தான். முத்துக்கனி பக்கத்தில் சாயா கொண்டுவந்து வைத்துவிட்டு, பார்த்துக்கொண்டு நிற்பாள்.

ஆரம்பத்தில் அஜிதாவுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஒரு எண் இன்னொரு எண்ணை நெருங்கிக்கொண்டே போகுமாம், ஆனால் ஒருநாளும் தொடாதாம். அதைக் கேட்டபோது வெயில் நேரத்திலும் அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. பழைய வீடியோக்களைத் திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்த்தாள். மெல்ல மெல்லப் பிடிபட்டது. நந்தனா விட்ட இடம் வந்தது, அதையும் தாண்டினாள். போட்ட மார்க்கெல்லாம் நந்தனா பெயரில் ஏறியது. பாடத்தைத் திறக்கும்போது "நல்வரவு, நந்தனா" என்று வரும். முதலில் அது நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. பிறகு பழகிவிட்டது. இன்னும் கொஞ்ச நாளில், அந்த வரி வராவிட்டால் என்னவோபோல் இருந்தது. விட்டகுறை தொட்டகுறை என்பார்களே, அது இதுதான் போலிருக்கிறது.

ஒருநாள் பல்கலைக்கழக அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது. இறுதிப் பரீட்சைக்கு நாள் குறிக்க வேண்டுமாம். "நந்தனாதானே பேசறது?"

"ஆமா, நந்தனாதான் பேசுதேன்."

நாளும் குறித்துவிட்டுத் திரும்பினால், பின்னால் சாயா தம்ளரோடு அம்மா.

மறுநாள் காலையில் அடுக்களையிலிருந்து குரல் வந்தது. "நந்தனா, சாயா ஆறுது பாரு மக்களே."

அஜிதா அடுக்களைப் பக்கம் திரும்பினாள். போச்சு, அம்மாவுக்குப் புத்தி பேதலித்துவிட்டது. இல்லம்மா, நான் அஜிதா என்று சொல்ல வாயெடுத்தாள். சொன்னால் அம்மா அந்த இடத்திலேயே விழுந்துவிடுவாள் என்று தோன்றியது. "வாறேன்மா" என்றாள்.

அதோடு நந்தனா வீட்டுக்குள் வந்துவிட்டாள். அம்மா பீரோவிலிருந்து அவளுடைய சுடிதாரை எடுத்து வைப்பாள், அஜிதா உடுத்திக்கொள்வாள். அக்காளும் தங்கையும் ஒரே குலையில் காய்த்த காய்கள், சாயல் அப்படியே இருக்கும். வேலியோரம் கோழிக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்த அடுத்த வீட்டு ஜெபமணி, ஒருநாள் அவளைப் பார்த்து "கர்த்தரே!" என்று கிண்ணத்தை நழுவவிட்டாள். சந்தையில் யாராவது அஜிதா என்று விளித்தால், யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று சற்று நேரம் சும்மா இருந்துவிட்டுத்தான் இவள் நிமிர்வாள்.

ஞாயிற்றுக்கிழமை, அய்யாவைக் கும்பிடுகிற நிழல்தாங்கலுக்குப் போனாள். அய்யாவழிக்காரர்களுக்கு அங்கே சிலை கிடையாது, கண்ணாடிதான். கும்பிடுகிறவன் தன் முகத்தையே பார்த்து, உள்ளே இருக்கிறவரை அறிய வேண்டும். நாமம் இட்டுக்கொண்டு அஜிதா கண்ணாடியைப் பார்த்தாள். நெற்றியில் நாமத்தோடு நந்தனா நின்றுகொண்டிருந்தாள். கண்ணை மூடித் திறந்து பார்த்தாள், அப்போதும் நந்தனாதான். தன் முகம் எப்படி இருக்கும் என்று யோசித்தாள். நினைவுக்கு வரவில்லை. அன்று பட்ட பயம் அவள் வாழ்க்கையில் வேறு எதற்கும் பட்டதில்லை. அந்தப் பரீட்சையையும் எழுதிவிட்டால் அஜிதா என்று ஒருத்தி மிச்சமிருக்கப் போவதில்லை. எழுதாவிட்டால் அம்மா மிஞ்சமாட்டாள்.

பரீட்சை நாளும் வந்தது. அதுவும் வீட்டிலிருந்தே போனில்தான். முத்துக்கனியே அவளுக்குத் தலை சீவி, நந்தனா போடுவதுபோல இரட்டைப் பின்னல் போட்டுவிட்டாள். நந்தனாவின் ஆதார் அட்டையைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள். "நல்லா எழுது மக்களே. எழுதி முடிச்சிரு" என்று சொல்லிவிட்டு, முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு சுவரோரம் போய் நின்றாள்.

திரையில் ஒரு சின்னக் கட்டத்துக்குள் முகம். அதன் கீழே நந்தனா என்ற பெயர். மேற்பார்வை பார்க்கிற பெண்ணின் குரல் மட்டும் வந்தது. "அடையாள அட்டையைக் கேமரா பக்கம் காட்டுங்க மேடம். உங்க பேரச் சொல்லுங்க."

அஜிதா அட்டையை எடுத்தாள். படத்தில் தங்கச்சி சிரித்துக்கொண்டிருந்தாள். பல மாதம் ராப்பகலாகப் படித்தவள் அவள், அவள் பெயரில் இன்னொருத்தி வாயைத் திறக்கலாமா? அட்டையைக் கவிழ்த்து வைத்தாள்.

"எனக்க பேரு அஜிதா."

"மேடம்?"

"நந்தனா எனக்கத் தங்கச்சி. அவ இல்ல."

"இல்லைன்னா? வெளியே போயிருக்காங்களா?"

"இல்ல மேடம். அவ இல்ல."

அந்தப் பெண்ணுக்கு அப்போதுதான் புரிந்தது. "ரொம்ப சாரி மேடம். பரீட்சையை நிறுத்தறேன்" என்றது குரல். திரை வெளுத்துப்போனது.

அஜிதாவுக்குத் திரும்பிப் பார்க்கத் தைரியமில்லை. பெற்றவளைக் கொன்றுவிட்டேனே என்று உட்கார்ந்திருந்தாள். முத்துக்கனி பக்கத்தில் வந்தாள். இரண்டு கையாலும் அவள் முகத்தைப் பிடித்து, கண்ணுக்குள் உற்றுப் பார்த்தாள்.

"வந்தியா மக்களே?"

"யாரும்மா?"

"நீதான். எனக்க அஜிதா." அம்மா பிடித்த கையை எடுக்கவில்லை. "அவளுக்கு மண்ணு வாரிப் போட்டவளாக்கும் நான். எனக்குத் தெரியாதா? ஒனக்க வாயிலேருந்து 'நந்தனா பேசுதேன்'னு கேட்டப்பம் எனக்க ஈரக்குல அத்துப்போச்சு. படிப்ப முடிக்காமப் போன ஏக்கத்துல அவ ஒனக்க மேல வந்து கூடியிருக்கான்னு நெனச்சேன். எதுத்துப் பேசினா ஒன்னயும் கொண்டுபோயிருவாளோன்னு பயந்துதான் அவ பேரு சொல்லி விளிச்சேன். பரீட்ச எழுதியாச்சுன்னா எறங்கிப் போயிருவா, நீயாவது எனக்கு மிஞ்சுவேன்னு."

"ஒனக்குப் புத்தி பெசகிப்போச்சுன்னு நெனச்சுத்தான்மா நான்..." அஜிதா அம்மாவின் கையைப் பற்றிக்கொண்டாள்.

இவளுக்காக அவள், அவளுக்காக இவள் என்று இரண்டு பேருமாகச் சேர்ந்து ஒரு செத்தவளை வீட்டுக்குள் வைத்துச் சோறு போட்டிருக்கிறார்கள். நல்ல கூத்துதான். சிரிக்கத்தான் ஆளில்லை.

முத்துக்கனி தரையில் சரிந்து உட்கார்ந்தாள். "எனக்கப் பொன்னு மக்களே!" என்று அவள் வைத்த ஓலம் தெருவரைக்கும் கேட்டது. அஜிதா அவள் மடியில் விழுந்து, வாய்விட்டு அழுதாள். அடுத்த வீட்டிலிருந்து ஜெபமணி வேலியைத் தாண்டி ஓடி வந்தாள். வாசலில் நின்று இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"என்ன பிள்ளே, என்னாச்சு?"

அஜிதா முகத்தைத் துடைக்காமலே நிமிர்ந்தாள்.

"எங்க நந்தனா செத்துப்போயிட்டா, அக்கா."