படகு நாளில் அல்போன்சம்மா குடித்த தண்ணீர்

நெடுந்தீவு அரச சித்த மருந்தகத்துக்கு அல்போன்சம்மா வந்தபோது ஒரு கையில் மண்ணோடு பிடுங்கிய சாறணைச் செடி. மறுகையில் மூடி திறக்காத மாத்திரைப் போத்தல். இரண்டையும் வைத்தியர் கஜனியின் மேசையில் வைத்துவிட்டுக் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"பிள்ளை, இதிலை எது என்ரை கிட்னியைக் காப்பாத்தும்? கெதியாச் சொல்லும். கருவாடு வெயிலிலை கிடக்கு. காகத்துக்கு நான் வருத்தக்காரி எண்டு தெரியாது."

ஐம்பத்தெட்டு வயது. ஆண்களோடு நின்று கரைவலை இழுத்த தோள் இன்னும் அப்படியே இருந்தது. கருப்பை வாயில் புற்று. யாழ்ப்பாணத்தில் மூன்று கிழமைக்கொரு தடவை சிஸ்பிளாட்டின் ஏற்றினார்கள். மருந்து கட்டியைச் சுருக்கியது, உடம்பை விட்டுப் போகும் வழியில் சிறுநீரகத்தையும் அரித்தது. இரத்தத்தில் தேங்கும் கழிவைக் காட்டும் கிரியற்றினின் ஒன்று தசம் ஆறுக்கு ஏறிவிட்டது. அடுத்த கிழமை வியாழனுக்குள் ஒன்று தசம் இரண்டுக்கு இறங்காவிட்டால் இந்த மருந்தை நிறுத்த வேண்டும், மற்ற மருந்து இவ்வளவுக்குக் கேட்குமோ தெரியாது என்று புற்றுநோய் டொக்டர் சொல்லியிருந்தார்.

போத்தல், பாரிசிலிருக்கும் மகள் அஞ்சலா அனுப்பியது. மூலிகைச் சத்து, சிறுநீரகத்தின் கவசம் என்று பச்சை எழுத்தில் போட்டிருந்தது.

"நாளுக்கு நாலு தரம் போன் எடுக்கிறாள். 'குடிச்சனீங்களோ, குடிச்சனீங்களோ' எண்டு ஒரே அரியண்டம். டொக்டர்பிள்ளையைக் கேளாமல் வாயிலை வைக்கமாட்டன் எண்டிட்டன்."

கஜனி சாறணையைக் கையில் எடுத்தாள். படிக்கிற காலத்தில் இதே வேரின் சாற்றைப் பற்றி ஆய்வுக்கட்டுரை எழுதியவள் அவள். சிஸ்பிளாட்டின் மட்டும் ஏற்றிய எலியின் சிறுநீரகத்தை நுண்காட்டியில் பார்த்திருக்கிறாள். குழாய்கள் இடிந்த மதில் போலக் கிடந்தன. சாறும் கொடுத்த எலியில் பெரும்பாலும் நிமிர்ந்து நின்றன. கண்ணால் கண்டது. ஒரு வார்த்தை சொன்னால் போதும், இந்த மனுசி இன்றைக்கே அவித்துக் குடித்துவிடுவாள். கஜனிக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"எலியைக் காப்பாத்தினது உண்மை, அம்மா," என்றாள். "மனிசருக்கு எவ்வளவு குடுக்கிறது, குடுத்தா என்ன நடக்கும் எண்டு சரியாத் தெரியாது. கிட்னியைக் காப்பாத்திற சாமான் புற்றையும் சேத்துக் காப்பாத்திப்போட்டால்?"

அல்போன்சம்மாவின் முகம் சுருங்கியது. "அப்ப ஒண்டும் இல்லையோ?"

"தண்ணி குடிக்கிறனீங்களோ?"

"மூண்டு லீற்றர். பத்திநாதர் ஐஸ்கிறீம் வாளியிலை அளந்து தாறார். கலியாணம் கட்டி முப்பத்தேழு வரியத்திலை மனுசன் எனக்கு அளந்து தந்தது அது ஒண்டுதான்."

கஜனி சிரித்தாள். சிரித்தபோது உதடு வெடித்து எரிந்தது. புங்குடுதீவில் வீட்டிலிருந்து கொண்டுவந்த தண்ணீர்ப் போத்தல் பக்கத்தில் நிறைந்தபடி நின்றது. அன்று திங்கட்கிழமை. காலைப் படகில் வந்திறங்கியவள் இன்னும் ஒரு மிடறு குடிக்கவில்லை.

"அம்மா, படகு நாளிலை?"

"உமக்கென்ன விசரோ? படகு நாளிலை எந்தப் பொம்பிளை தண்ணி குடிக்கிறவள்?"

உண்மைதான். படகில் பெண்கள் ஒதுங்க இடமில்லை. ஒரு மணித்தியாலம் கடல், பிறகு குறிகட்டுவான் துறையிலிருந்து யாழ்ப்பாணத்துக்குப் பஸ். அதனால் முதல்நாள் பின்னேரமே வாயைக் கட்டிவிடுவார்கள். சொல்லிக்கொடுக்க ஆள் தேவையில்லை. கஜனியும் அப்படித்தான். அவள் விரல்விட்டு எண்ணினாள். புதன் பின்னேரத்திலிருந்து வாய்க்கட்டு, வியாழன் மருந்து, வெள்ளி திரும்பும் படகு. மருந்து சிறுநீரகத்தைக் கடந்து போகும் அதே நேரத்தில், ஆஸ்பத்திரியில் ஏற்றிய சேலைனைத் தவிர, அந்த உடம்பு வறண்டு கிடந்திருக்கிறது. சோதனைக்கு இரத்தம் எடுத்ததும் அந்த வறட்சியில்தான்.

அங்கேயே புற்றுநோய் டொக்டருக்குப் போன் எடுத்தாள். வேரும் மாத்திரையும் இப்போது வேண்டாம் என்றார் அவர். தண்ணீரை, முக்கியமாக மருந்து நாளில், ஒரு கோப்பையும் குறைக்கக் கூடாது என்றார்.

அல்போன்சம்மா மாத்திரைப் போத்தலைக் கஜனி பக்கம் தள்ளினாள். பிறகு கேட்டாள்: "அஞ்சலா எங்கை பிறந்தவள் தெரியுமோ உமக்கு?"

"எங்கை?"

"நடுக்கடலிலை. படகிலை இருந்த பொம்பிளையள் எழும்பி நிண்டு சீலையைச் சுத்திப் பிடிச்சவை. அதுக்குள்ளைதான் பெத்தனான். அது ஏலுமெண்டால் இது ஏலாதோ?"

போத்தல் மூடி திறக்காமலே கஜனியின் அலுமாரிக்குள் போனது.

அடுத்த கிழமை வியாழன் காலைப் படகில் கஜனியும் இருந்தாள், யாழ்ப்பாணத்தில் கூட்டமொன்றுக்காக. கரை மறைந்ததும் அல்போன்சம்மா போத்தலைச் சரித்துக் கடகடவென்று குடித்தாள். எல்லாரும் பார்த்தார்கள். இன்னும் கொஞ்சத் தூரம் போனதும் எழுந்து நின்றாள்.

"பிள்ளையள், எழும்புங்கோ. சீலை பிடிக்க வேணும்."

யாரும் ஏனென்று கேட்கவில்லை. கழுத்தில் அடையாள அட்டை தொங்க ஒரு வங்கிப் பெண், திருநீறு பூசிய ஆசிரியை, மீன் பெட்டியோடு வந்தவள் என்று ஒவ்வொருவராக எழுந்தார்கள். முந்தானையும் சால்வையும் விரிந்தன. படகோட்டி வாளியை நீட்டிவிட்டு முகத்தைக் கடலுக்குத் திருப்பிக்கொண்டார்.

"ஒருத்தரும் பயப்பிடாதேங்கோ," உள்ளிருந்து குரல் வந்தது, "இந்த முறை பிள்ளை இல்லை!"

படகே சிரித்தது. காற்றில் அடித்த சீலை நுனியை இழுத்துப் பிடித்தபடி நின்ற கஜனிக்கு வாளியில் விழும் சத்தம் கேட்டது. கைப்பிடியளவு இரண்டு சிறுநீரகங்கள். ஒரு நாளைக்கு நூற்றெண்பது லீற்றர் வடிக்கின்றன. நல்ல தண்ணீருக்கு வாளியோடு காத்துநிற்கும் இந்தத் தீவில், இந்தத் தோலுக்குள், யாரும் பார்க்காமல் இத்தனை வருடம் வடித்திருக்கின்றன. நுண்காட்டியில் அவள் பார்த்தது வெட்டி வைத்த துண்டு. இப்போதுதான் அது வேலை செய்வதைக் கேட்டாள்.

அல்போன்சம்மா வெளியே வந்ததும் ஆசிரியை மெல்ல, "இனி நான் ஒருக்கா," என்றார். சீலைகள் இறங்கவேயில்லை. நாலாவதாகக் கஜனி போனாள்.

மதியத்துக்குச் சற்று முன் போன் வந்தது.

"பிள்ளை, ஒண்டு தசம் ஒண்டாம். மருந்து ஏறுது." அல்போன்சம்மாதான். "நாளைக்குத் திரும்பிற படகிலை ஆர் ஆர் வருகினம் எண்டு கேட்டு வையும். நல்ல அகலச் சீலையாக் கட்டிக்கொண்டு வரச்சொல்லும்."