ஊறுகாய் ஜாடியும் என் பொண்டாட்டி காலும்

கார்ல சாமான் அடுக்குறதுல ஹைதராபாத்லயே என்னை மிஞ்ச ஆள் கிடையாது. சும்மா சொன்னேன், நம்பிடாதீங்க. மல்லாபூர்ல ஒரு கம்பெனியில லாரிக்கு லோடு ஏத்துறவன் நான். அந்தத் திமிர்ல போன வருஷம் வெயில் காலத்துல என் பொண்டாட்டியையே லோடு மாதிரி ஏத்திட்டேன்.

காட்பாடியில என் மச்சானுக்குக் கல்யாணம். அவ தூக்கி வளத்த தம்பி. அந்த நேரம் பார்த்து அவ பாத்ரூம்ல வழுக்கி விழுந்து, தொடையிலேர்ந்து பாதம் வரைக்கும் மாவுக்கட்டு. காலை நீட்டியே வெச்சிருந்தா கார்ல போகலாம்னு டாக்டர் சொன்னாரு. நம்ம பழைய கார்தான் இருக்கேன்னு கிளம்பிட்டோம்.

இங்கேர்ந்து ஊருக்குப் போறவன் ஆவக்காய் ஊறுகாய் இல்லாம போனா எங்க சொந்தக்காரங்க வாசல்லயே நிக்க வெச்சிடுவாங்க. அத்தைக்கு, சித்தப்பாவுக்கு, கல்யாணப் பொண்ணு வீட்டுக்குன்னு எல்லா ஜாடியையும் முன்சீட்டுக்குப் பின்னாடி இறுக்கி அடுக்குனேன். அப்புறம் அவளை முன்னாடி உக்கார வெச்சு சீட்டைப் பின்னால தள்ளுனா, பாதியிலயே நின்னுடுச்சு. "போகப் போக சரியாயிடும்டி"ன்னேன். என்ன சரியாகும்? ஜாடி இளைச்சா போகும்?

தார்நாகா பக்கம் பெட்ரோல் பங்க்ல நிறுத்துறப்பவே அவளால வலி தாங்க முடியல. "என்னை வீட்ல விட்டுட்டு நீங்களும் பொண்ணும் போயிட்டு வாங்க"ன்னு அழுதுட்டா. பின்னாடி உக்காந்திருந்த எங்க பொண்ணு என்னைத் தெலுங்குல திட்டுது. தமிழ்ல திட்டுனா அப்பனுக்குப் புரிஞ்சிடும்னு நெனச்சுதோ என்னவோ.

நான் வண்டியை எடுக்கலைன்னு பின்னாடி கார்லேர்ந்து புர்கா போட்ட ஒரு அம்மா சண்டைக்கு இறங்கி வந்தாங்க. இவ அழுறதைப் பாத்ததும், "நக்கோ பேட்டி, அழாதே மகளே"ன்னு அவ கண்ணைத் தொடச்சாங்க. அப்புறம் பின்னாடி ஜாடிங்களைப் பாத்துட்டு என் பக்கம் திரும்பி, "ஊறுகாய் முக்கியமா, பொண்டாட்டி முக்கியமா?"ன்னு ஹிந்தியில கேட்டாங்க. நான் ஒரு நிமிஷம் யோசிச்சேன். அந்த ஒரு நிமிஷத்தை என் பொண்டாட்டி இன்னிக்கு வரைக்கும் சொல்லிக் காட்டுறா.

அவங்க வீட்டுக்காரருக்கும் கால் மடக்க முடியாதாம். ஆஸ்பத்திரிக்கு இப்படித்தான் கூட்டிட்டுப் போவாங்களாம். ஜாடியெல்லாம் எடுக்கச் சொன்னாங்க. முன்சீட்டோட தலையணையைப் பிடுங்கி, சீட்டை முன்னால தள்ளி, முதுகை அப்படியே சாய்ச்சாங்க. பின்சீட்டோட ஒட்டி ஒரு கட்டில் மாதிரி ஆயிடுச்சு. இவளைப் பின்னாடி உக்கார வெச்சு, பெல்ட்டைப் போட்டு, காலை அது மேல நீட்டி, குதிகாலுக்குக் கீழ அவங்க துப்பட்டாவையே சுருட்டி வெச்சாங்க.

"வலிக்குதா?"

"இல்லம்மா"ன்னு சிரிச்சா இவ.

டிக்கி முழுக்கப் பெட்டி, ஜாடி வைக்க இடமில்ல. "என் வண்டியில வை. திரும்பி வந்து வாங்கிக்கோ"ன்னு போன் நம்பர் குடுத்தாங்க. நாங்க வெறுங்கையோட போய் எறங்குனோம். அக்கா வந்தப்புறம்தான் மச்சான் மணமேடை ஏறினான். ஊறுகாயைப் பத்தி ஒருத்தரும் கேக்கல.

இப்பல்லாம் நான் முதல்ல ஆளை உக்கார வெச்சு, கால் நீட்டிப் பாக்கச் சொல்லிட்டுத்தான் பையைத் தொடுறேன். அப்புறம் ஜாடி என்னாச்சுன்னா, திரும்பி வந்து அந்த அம்மா வீட்டுக்குப் போனோமா, கதவைத் திறந்த அவங்க வீட்டுக்காரரு...

"ஏங்க, சீட்டைத் தள்ளி விடுங்க, நேரமாச்சு."

கூப்பிடுறா. கட்டுப் பிரிச்சு எத்தனையோ மாசம் ஆச்சு, அவளே தள்ளிக்கலாம். ஆனா அந்த அம்மா எனக்குக் கத்துக்குடுத்த வேலை இது, நான்தான் செய்யணும்.