ரத்தம் குடிக்கும் ராஜாவும் மதினியும்

"கோட்டையவே கண்ணால பாக்காத புள்ளைக்கு ராசா காலத்துக் கதை வருமா? அதுலயும் காட்டேரி கதை!"

என் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு அருப்புக்கோட்டை நூலகத்தில் இருந்தவர் இப்படிக் கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. திருச்சுழிப் பக்கத்து எங்கள் வீட்டில் கைநாட்டு வைக்காமல் கையெழுத்துப் போட்ட முதல் ஆள் நான். எனக்கு வராமல் வேறு யாருக்கு வரும்?

என் நாவலின் ராஜா மந்திரத்தால் சாவை வென்றவன். மாதம் ஒரு குடிமகன் அவனுக்கு ரத்தம் கொடுக்க வேண்டும். குடிகள் கோட்டை வாசலில் வரிசையாக நின்று, நான் முந்தி, நீ முந்தி என்று கழுத்தை நீட்டுவார்கள். அப்படித்தான் எழுதியிருந்தேன்.

மதியம் மிளகாய் வற்றல் காம்பு கிள்ளும்போது மதினிக்கு வாசித்துக் காட்டுவேன். அண்ணன் மனைவி. எட்டு மாதக் கர்ப்பிணி.

"ஏத்தா, ஒங்க ராசா என்னையக் கடிச்சா பட்டினிதான் கெடப்பாரு. கண்ண இழுத்துப் பாத்துட்டு நர்ஸம்மா ரத்தமே இல்லங்கிறாக" என்று சிரிப்பாள்.

நர்ஸ் கொடுத்த சத்து மாத்திரையைத் தின்றதும் மதினிக்கு மலம் கறுப்பாகப் போனது. உள்ளே இருக்கிற ரத்தமும் கரிந்துபோகிறது என்று அம்மா பயந்து, மாத்திரைகளைக் குப்பைமேட்டில் கொட்டிவிட்டாள். அது இரும்புச் சத்தால் வரும் கறுப்பு என்று எனக்குத் தெரியும். சொல்லியிருக்கலாம். அன்றைக்கு என் நினைப்பெல்லாம் ஆறாம் அத்தியாயத்தில் இருந்தது.

பிள்ளை பிறந்த பிறகு மதினிக்கு ரத்தம் நிற்கவில்லை. டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். சொந்தக்காரர்கள் இரண்டு பேர் உடனே ரத்தம் கொடுக்க வேண்டும் என்றார்கள். எங்களோடு வந்த ஆண்கள் ஏழு பேர்.

"பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றார் சித்தப்பா.

"ஒரு பாட்டில் எடுத்துட்டா அப்புறம் மம்பட்டி புடிக்க முடியுமா?" என்றார் மாமா.

அண்ணன், "டீ குடிச்சிட்டு வாரேன்" என்று போனான். நான் கையை நீட்டினேன். எடை போதாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அண்ணன் திரும்பி வந்தபோது மதினியின் முகத்தைத் துணியால் மூடியிருந்தார்கள்.

பிள்ளை மட்டும் வீடு வந்தது.

"நித்தம் ரத்தம் ரத்தம்னு வாசிச்சா காட்டேரி வீடேறாம என்ன செய்யும்? அந்த நோட்ட அடுப்புல போடு" என்று அம்மா அழுதாள். நோட்டைச் சாக்கில் சுற்றி ஒளித்து வைத்தேன். ஐந்து மாதம் அதைத் தொடவில்லை. பிறகு எடுத்து வாசித்தபோது கூசியது. கழுத்தை நீட்டும் குடிகள் எந்த ஊரில் இருக்கிறார்கள்? அந்தப் பக்கங்களை நானே கிழித்தேன்.

இப்போது என் கதையில் கோட்டை வாசல் காலியாகக் கிடக்கிறது. மனைவியை ராஜாவிடம் விட்டுவிட்டு ஒருவன் நழுவுகிறான்.

இதை வெளியாள் யாரும் படிக்கும் முன் அண்ணன் கேட்டாக வேண்டும் என்று தோன்றியது. அவனுக்கு எழுத்துத் தெரியாது. போன ஞாயிற்றுக்கிழமை அவனை எதிரே உட்கார வைத்து வாசித்தேன். பாதியில், "ஏ புள்ள, போதும். வச்சிரு" என்றான்.

நான் நிறுத்தவில்லை. கடைசி வரி வரைக்கும் வாசித்தேன்.