டிஸ்சார்ஜ்

எண்ணூரில் நான் காவலாளியாக வேலை பார்க்கும் தொழிற்சாலையின் வாசலில்தான் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். கறுத்து மெலிந்த உருவம். உள்ளிருந்து எந்த வண்டி வந்தாலும் எழுந்து நின்றுவிடுவார்.

இங்கே வேலையில் கை வெந்து, அவர் கணவர் ஆஸ்பத்திரியில் கிடந்தார். ‘டிஸ்சார்ஜ்’ என்று கம்பெனியிலிருந்து செய்தி வந்ததும், வீட்டுக்கு அனுப்புகிறார்கள் என்று மாற்றுச்சட்டையோடு ஓடியிருக்கிறார். வேலையை விட்டு நீக்கினாலும் அதே சொல்தான் என்று நர்ஸ் சொல்லித்தான் தெரிந்ததாம்.

“நாளைக்கு வாம்மா,” என்றேன்.

“இன்னாண்ணா பேசுற? ஒடம்பு தேறுனாலும் டிஸ்சார்ஜு, தேறாதப்பவே தொரத்துனாலும் டிஸ்சார்ஜா? அனுப்புனவரு என் மூஞ்சப் பாத்து தமிழ்ல சொல்லட்டும். அப்பால போறேன்.”

மாலையில் அந்தச் செய்தியை அனுப்பிய அதிகாரியின் கார் வந்தபோது குறுக்கே போய் நின்றார். கண்ணாடி இறங்கியதும், “தமிழ்ல சொல்லு சார்,” என்றார். அதிகாரிக்குத் தமிழ் நன்றாகத் தெரியும். ஆனாலும் ‘வேலையை விட்டு நீக்கிவிட்டோம்’ என்பது அவர் வாயில் வரவில்லை.

“உள்ள வாம்மா, பேசலாம்,” என்றார்.

கணவருக்கு வேலை திரும்பக் கிடைத்தது. அந்தப் பெண்ணின் பெயரைத்தான் நான் கேட்கவே இல்லை.